மரண விசாரணை இல்லாமல் புதைக்கப்படும் பற்றரிகள்

திருகோணமலையில் பற்றரி விற்பவரைக் கேளுங்கள், திருத்துபவரைக் கேளுங்கள், வாங்கி நொந்துபோனவரைக் கேளுங்கள், பதில் ஒன்றுதான். “லித்தியம் எங்கட வெக்கைக்குச் சரிவராது தம்பி. ரெண்டு வருசம் ஓடும், பிறகு செத்திடும். செத்தால் முழுசா மாத்துறதுதான்.” என்.சி. வீதிக் கடையில் கேட்கும் இதே வசனத்தைக் கிண்ணியாவில் இரவில் இறாலுக்குப் போகிற நானாவும் சொல்கிறார். அலுவலக இன்வேட்டர் கொள்வனவுக்குக் கையெழுத்து வைக்கிற அதிகாரியும் சொல்கிறார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருமித்து உடன்படுகிற விடயம் இந்த மாவட்டத்தில் அரிது. கிடைத்த ஓர் உடன்பாடும் இப்படிப் பிழையான இடத்தில் கிடைத்திருக்கிறது.

பற்றரி செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இந்த அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் தொடங்கும். ஸ்கூட்டர் இடையில் நின்றது, லைற் மங்கியது, இன்வேட்டர் கூவியது, சாட்சியம் அவ்வளவுதான். கொஞ்சம் கெட்டிக்காரரான பாஸ் என்றால் மல்ற்றிமீற்றரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்து, வோல்ற்றளவைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். வோல்ற்றளவு ஒரு செல் அந்த நேரத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். அந்தச் செல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. 3000 மில்லி அம்பியர் மணி கொள்ளும் புதுச் செல்லும், தேய்ந்து 300க்கு வந்துவிட்ட செல்லும் சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அதே 4.2 வோல்ற்றைத்தான் காட்டும். அந்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் செல்லைச் சோதித்தவர் ஆகமாட்டார்.

சோதிப்பது வேறு வேலை. செல்லை 4.2 வோல்ற் வரை நிரப்பி, தெரிந்த ஒரு மின்னோட்டத்தில், அரை அம்பியர் என்று வைத்துக்கொள்வோம், 2.8 வோல்ற் வரும்வரை இறக்கி, வெளியே வந்ததை எண்ண வேண்டும். அதுதான் கொள்ளளவு. பிறகு அகத்தடை. அதற்கும் பிறகு பொறுமை: நிரப்பிய செல்லை இரண்டு மூன்று கிழமை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சும்மா இருந்தே எவ்வளவு வடிந்தது என்று பார்க்க வேண்டும். தானாக வடிகிற செல், கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே பழுது. அதைப் பத்தில் ஒன்றாகச் சேர்த்தால் மற்ற ஒன்பதையும் அது கெடுக்கும். மேசையில் வைக்கிற நாலு இடமுள்ள சோதனைச் சார்ஜர் முதல் இரண்டையும் செய்து எண்ணைக் காட்டிவிடும். லீட்டோகாலா, ஒபஸ் என்று பல பெயர்களில் வருகிறது. மூன்றாவதற்கு ஒரு பேனையும் கொப்பியும் போதும்.

இனிப் பெட்டியைத் திறப்போம். 48 வோல்ற் என்று விற்கிற மின் ஸ்கூட்டர் பற்றரிக்குள் பெரும்பாலும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளைச் செல்கள் இருக்கும். நான்கு செல்கள் சமாந்தரமாகச் சேர்ந்தது ஒரு குழு, பதின்மூன்று குழுக்கள் தொடராக, மொத்தம் 52. இவற்றைக் காவல் காக்க பி.எம்.எஸ். என்ற சிறிய மின்சுற்றுப் பலகை. பதின்மூன்று குழுக்களில் எது முதலில் கீழெல்லையைத் தொடுகிறதோ, அந்தக் கணமே அது முழுத் தொகுதியையும் நிறுத்தும். நிறுத்தத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. மற்றப் பன்னிரண்டு குழுக்களிலும் அரைவாசிக்கு மேல் மிச்சமிருக்கலாம், பாவனையாளருக்கு அது தெரியாது. கரைவலை இழுக்கும்போது வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தால் சம்மாட்டி இழுப்பை நிறுத்துவார். அதற்காக வரிசையில் நின்ற அத்தனை பேரையும் அடுத்த நாள் வேலைக்கு வரவேண்டாம் என்கிற சம்மாட்டியை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் யாரும் கண்டதில்லை. 52 செல்லில் நாலு செல் தளர்ந்ததற்காக 52ஐயும் குப்பையில் கொட்டுவதைத்தான் நாங்கள் “முழுசா மாத்துறது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விநோதம் என்னவென்றால், இதே நாட்டில் வேறொரு பற்றரிக்கு நாங்கள் இப்படிச் செய்வதில்லை. டொயோட்டா பிரியஸ், அக்குவா கார்களில் வருகிற நிக்கல் உலோக ஹைட்ரைட் வகை ஹைபிரிட் பற்றரியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கராஜ்காரர் ஸ்கானரைப் போட்டு, பெட்டியைத் திறந்து, பிரியஸ் என்றால் 28 மொடியூலில், அக்குவா என்றால் 20 மொடியூலில் எது தளர்ந்தது என்று பார்த்து அதை மாற்றுகிறார். இலங்கை முழுக்க இது ஒரு நிலைத்த தொழில். அதிலும் ஒப்பேற்றல் உண்டுதான். மற்றவற்றோடு பொருந்தாத மொடியூலைச் செருகினால் சில மாதத்தில் அடுத்தது விழும். ஆனாலும் பெட்டிக்குள் இருப்பது ஒன்று இல்லை, பல என்ற அறிவு அங்கே இருக்கிறது. காருக்குத் தெரிந்தது ஸ்கூட்டருக்கும் மடிக்கணினிக்கும் ஏன் தெரியாமல் போனது? கார்ப் பற்றரியின் விலை கழுத்தைப் பிடித்தபோது நாங்கள் யோசித்தோம். மற்றவை ‘போனால் போகட்டும்’ விலையில் கிடைத்ததால் யோசிப்பதை விட்டுவிட்டோம் என்பதுதான் என் கணிப்பு.

இதை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எறியப்பட்ட மடிக்கணினிப் பற்றரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் குறைந்தது 70 வீதமானவற்றுக்கு, நாளுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓர் எல்.ஈ.டி. விளக்கை ஒரு வருடம் எரிக்கப் போதுமான தெம்பு இருந்தது. நல்ல செல்களைப் பிரித்தெடுத்து ‘உர்ஜார்’ என்று ஒரு பெட்டி செய்து, தெருவோரக் கடைக்காரருக்கும் மின்சாரம் ஒழுங்காக இல்லாத வீடுகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பெங்களூரின் காலநிலை வேறு என்று யாராவது சொல்லக்கூடும். அவை எறியப்பட்ட காரணத்துக்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை. மடிக்கணினி கேட்ட வேலையை அவை செய்யவில்லை, அதனால் எறிந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அகத்தடை வருகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியும். அழுத்தமானிக் கம்பியில் சமநிலை நீளம் தேடித் தேடி அதைக் கணித்திருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள், அது வேறு கதை. பிரடெரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறுகிற ஸ்கூட்டர் 20 அம்பியர் இழுக்கிறது என்று எடுப்போம். நாலு செல் பங்கிட்டால் ஆளுக்கு 5 அம்பியர். புதுச் செல்லின் அகத்தடை 40 மில்லி ஓம் என்றால் 0.2 வோல்ற் இறங்கும், 3.6இல் இருந்த செல் 3.4இல் நிற்கும், ஸ்கூட்டர் ஏறும். தேய்ந்த செல்லில் அது 150 மில்லி ஓம் ஆகியிருந்தால் இறக்கம் 0.75 வோல்ற். 3.6இல் இருந்தது 2.85க்கு விழும். பி.எம்.எஸ். வெட்டிவிடும். திரையில் நாற்பது வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் பாதி ஏற்றத்தில் நிற்பது இப்படித்தான். அதே நாலு செல்லை எடுத்து 3 வாற் எல்.ஈ.டி. விளக்கில் போடுங்கள். ஒவ்வொன்றும் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 0.2 அம்பியர். இறக்கம் 0.03 வோல்ற். விளக்குக்கு அந்தத் தேய்மானம் தெரியவே தெரியாது. ஏற்றத்துக்கு உதவாதது கொட்டியாரக் குடாவில் இரவு முழுக்க வெளிச்சம் தரும். ஒரு செல்லை ‘செத்தது’ என்பவர் எந்த வேலைக்குச் செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருகோணமலைக்கு இது புதிய பாடமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய நீர்மூழ்கிகள் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் மலாக்கா நீரிணைக்குப் போய்வந்தன. அடமன்ற், மெயிட்ஸ்டோன் என்ற தாய்க்கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டு அவற்றைப் பராமரித்தன. தண்ணீருக்கடியில் நீர்மூழ்கிக்கு உயிர் அதன் ஈய அமிலப் பற்றரி. ஒரு பகுதிக்கு 112 செல்கள். அந்த 112ஐயும் மொத்தமாகப் பார்த்து “நல்லம்”, “கூடாது” என்று சொல்லிவிட்டு யாரும் கடலுக்குப் போகவில்லை. மின்பகுதி மாலுமி பற்றரித் தளத்துக்குள் ஊர்ந்து போய், செல் செல்லாக அமிலத்தின் அடர்த்தியை நீரமானியால் அளந்து பதிவேட்டில் எழுதினார். ஒரு செல் கெட்டால் அதைச் சுற்றி இணைப்புக் கொடுத்து விலக்கிவிட்டு மீதியோடு ஓடினார்கள். இரும்புக் கூட்டுக்குள், இதே வெக்கையில், எண்பது வருடத்துக்கு முன்னர். ரசாயனம் வேறு என்பது சரி, லித்தியம் செல்லுக்குள் நீரமானி விட முடியாது. ஆனால் செல் செல்லாக அளப்பது என்ற ஒழுக்கத்துக்கு ரசாயனம் கிடையாது.

வெக்கைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் பலமான வாதம் அதுதான், அதைத் தாண்டிப் போக முடியாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த எதுவும் கொதிக்கும். சூடு லித்தியம் அயன் செல்லைத் தின்னும் என்பதை நான் மறுக்கவில்லை. செல்லின் எதிர்மின்வாயில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. சூடு கூடினால் அது வேகமாகத் தடிக்கும். அதற்குள் அகப்பட்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது, அகத்தடையும் ஏறும். 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள், தங்கள் காரின் கொள்ளளவுக் கோடுகள் வாங்கிய சிறிது காலத்திலேயே குறைகின்றன என்று முறையிட்டார்கள். குளிரூட்டும் ஏற்பாடு இல்லாத அந்தப் பற்றரி பாலைவனத்தைத் தாங்கவில்லை. நிசான் பிறகு செல்லின் கலவையையே மாற்றியது. 2015ஐ ஒட்டி இலங்கைக்கு வந்து இறங்கிய பழைய லீஃப்களிலும் கோடுகள் இறங்கியதை நாங்கள் பார்த்தோம்.

ஆனால் சூடு தனியாக வந்து கொல்வதில்லை. நிரம்பலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஐசிடோர் புக்மன் பரவலாக அறியச் செய்த ஒரு கணக்கு இருக்கிறது. பாவிக்காமல் ஒரு வருடம் வைத்த லித்தியம் அயன் செல்லில் மீளக்கூடிய கொள்ளளவு எவ்வளவு என்பது அது. 40 பாகை செல்சியஸில், முழுக்க நிரப்பி வைத்தால் 65 வீதம் மிஞ்சும்; 40 வீதம் மட்டும் நிரப்பி வைத்தால் 85. 25 பாகையில் முழுக்க நிரப்பியது 80. 40 வீதம் நிரப்பியது 96. இந்த நாலு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குளிர்ந்த அறையில் முழுக்க நிரம்பிக் கிடந்த செல் 20 வீதத்தை இழக்கிறது. எங்கள் கச்சான் வெக்கையில் அரைகுறையாக நிரம்பிக் கிடந்த செல் 15 வீதத்தைத்தான் இழக்கிறது. காற்றை நாங்கள் மாற்ற முடியாது. எவ்வளவு நிரப்புவது என்பது எங்கள் கையில் இருக்கிறது, அதில்தான் கூடுதலான ஆயுள் போகிறது.

உச்ச வோல்ற்றளவைக் கொஞ்சம் குறைப்பது அந்தக் கையின் வேலை. அதே புக்மனின் கைக்கணக்குப்படி, 4.2இல் 300 முதல் 500 சுற்றுவரை ஓடுகிற செல், 4.1இல் நிறுத்தினால் ஏறக்குறைய அதன் இரட்டிப்பும், 4.0இல் நிறுத்தினால் நான்கு மடங்கும் ஓடும். விலையாக 4.1இல் பத்துப் பதினைந்து வீதமும், 4.0இல் கால்வாசியும் கொள்ளளவில் போகும். ஸ்கூட்டரில் ஐந்து கிலோமீற்றர் குறையும் என்றால், திருகோணமலை நகருக்குள் ஓடுகிற ஒருவருக்கு அது பெரிய இழப்பா? இதை ஏன் கடைக்காரர் சொல்லித்தருவதில்லை என்றால், ஒட்டுத்தாளில் எழுதிய பெரிய எண்ணைக் காட்டித்தான் அவர் விற்றார். ஆயுளுக்கு ஒட்டுத்தாள் கிடையாது.

வீட்டு இன்வேட்டரின் கதை இதைவிட மோசம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த பிறகு இங்கே இன்வேட்டரும் பற்றரியும் வாங்காத வசதியானவர் குறைவு. பழைய ஈய அமிலப் பற்றரியைக் கழற்றிவிட்டு அதே இன்வேட்டரில் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியைப் பொருத்துகிறார்கள். இன்வேட்டரின் அமைப்பை யாரும் தொடுவதில்லை. ஈய அமிலத்துக்கான ‘சமன்படுத்தும்’ சார்ஜ் அப்படியே கிடக்கிறது. பதினாறு செல்லுள்ள 48 வோல்ற் வகைத் தொகுதிக்கு 58.4 வோல்ற்றே உச்ச எல்லை, இன்வேட்டர் அதையும் தாண்டத் தள்ளுகிறது, பி.எம்.எஸ். ஒவ்வொரு முறையும் வெட்டிக் காப்பாற்றுகிறது. ஒருநாள் அந்தப் பலகையும் போகும். சார்ஜ் உச்சத்தை 55 அல்லது 56 வோல்ற்றில் வைத்து, சமன்படுத்தலை நிறுத்திவிட்டால் பற்றரி கிட்டத்தட்ட முழுமையாகவே நிரம்பும், உயிரும் நீளும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பொருத்திவிட்டுப் போனவர், இரண்டு வருடம் கழித்து வந்து வெக்கையைக் குற்றம் சாட்டுகிறார்!

முழுக்க வடியவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், புதுப் போனை முதல் நாள் எட்டு மணித்தியாலம் போட வேண்டும் என்கிற உபதேசங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அவை நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்து நியாயங்கள். 1991இல் சோனி லித்தியம் அயன் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளோடு அவை ஓய்வு பெற்றிருக்க வேண்டும். இந்தச் செல்லுக்கு அடிவரை வடிவதும் நோய், முட்ட நிரம்புவதும் நோய்.

சரி, தீப்பிடித்தால்? பழைய செல்லைக் கிண்டாதே என்று சொல்பவர் கோழை இல்லை. லித்தியம் தீயைக் கண்டவர் அதை மறக்கமாட்டார். ஆனால் அந்தப் பயம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில்தான் எனக்கு வழக்கு. 2016இல் சாம்சங் நோட் 7 போன்கள் எரிந்தபோது அவை பெட்டி உடைத்த புதுப் போன்கள். செல்லின் வடிவமைப்பு, உற்பத்திப் பிழைகள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில் எரிந்தது பாரிய மின்சேமிப்பு நிலையம், யாரும் வீட்டுக் கொல்லையில் கட்டியது இல்லை. புதிது என்பதால் பாதுகாப்பும் வராது, பழையது என்பதால் ஆபத்தும் வராது. ஆபத்து வருகிற வழிகள் தெரிந்தவை: நசுங்கல், உற்பத்திக் குறை, அளவுக்கு மேல் நிரப்பல், அளவுக்குக் கீழே வடிய விட்டதைத் திரும்ப உயிர்ப்பித்தல். 2 வோல்ற்றுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்கு இணைப்பாகும். அதைத் தொடாதீர்கள். வீங்கிய பை வகைச் செல், துரு ஏறியது, பள்ளம் விழுந்தது, அரை அம்பியர் சார்ஜுக்கே கையில் சூடு தெரிவது, இவை எல்லாம் ஒதுக்கவேண்டியவை. லீஃப் போன்ற காரின் 400 வோல்ற் அளவிலான தொகுதியைப் பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது. அங்கே தீக்கு முன்னர் மின்சாரமே ஆளைக் கொல்லும். சோதனையை மரமேசையில் செய்யாமல் சீமெந்துத் தரையில், ஆள் பக்கத்தில் இருக்க, மணல் வாளியோடு செய்யுங்கள். இத்தனையும் சொன்ன பிறகு கேட்கிறேன்: இந்த ஆபத்தான செல்களை அளக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? “எறி” என்கிறவர்களின் வழியில் அவை எங்கே போகின்றன? மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் போக வேண்டிய பெட்டி, மீன் செதிலோடும் தேங்காய் மட்டையோடும் குப்பை வண்டியில் ஏறி, அங்கே நசுங்குகிறது. பழைய இரும்புக்காரரிடம் போனால் சுத்தியல் அடி. நல்லதும் கெட்டதும் கலந்து, பாதி சார்ஜோடு. தீக்குப் பயந்தவர் செய்கிற காரியமா இது?

எதிர்ப்பக்கத்தில் நிற்கிற எங்கள் ஆட்களையும் விடக்கூடாது. பழைய செல்லில் உலகத்தையே எரிக்கலாம் என்று நம்பி, கழற்றிய செல்களை அளக்காமல் ஈயப்பற்று வைத்து ஒட்டி, ஐந்து வருட உத்தரவாதத்தோடு விற்கிறவர்கள் உண்டு. அவர்களால்தான் இந்தக் கலைக்குக் கெட்ட பெயர். சந்தையில் இரவு வேலைக்கான தலை லைற்றோடு வருகிற 9900 மில்லி அம்பியர் மணிச் செல்களும் அதே குடும்பம். நல்ல உற்பத்தியாளர் செய்கிற, அதே 18க்கு 65 மில்லிமீற்றர் அளவுள்ள செல் 3500ஐச் சுற்றித்தான் நிற்கும். 9900 என்பது அச்சகத்தில் பிறந்த எண். சோதனைச் சார்ஜர் இல்லாவிட்டால் தட்டார் தராசில் வையுங்கள். உண்மையான செல் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். உள்ளே மாவு நிரப்பியது பாரத்திலேயே பிடிபடும்.

“அளந்து என்ன பயன், எப்படியும் சாகத்தானே போகிறது” என்று ஒரு தத்துவம் பேசுவார்கள். எப்போது என்பதில்தானே பணம் இருக்கிறது. கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரு சுற்றில் உள்ளே போன மின்னேற்றத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை மிக நுட்பமாக அளந்தால், செல்லின் முதுமையை வருடக்கணக்கில் காத்திருக்காமல் சில கிழமைகளிலேயே ஊகிக்கலாம் என்று காட்டினார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுற்றுக்கு 99.9 வீதம் திரும்பி, குறைந்தது எல்லாம் நிரந்தர இழப்பு என்று வைத்தால் 500 சுற்றின் முடிவில் 61 வீதம் மிஞ்சும், 99.99 வீதம் என்றால் 95. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் செல்களுக்கு இடையில் அவ்வளவு தூரம். எங்கள் மேசைச் சார்ஜருக்கு அந்த நுட்பம் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிய கொப்பி, எந்தக் குழு மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறது என்பதை அது விழுவதற்கு முன்னரே சொல்லிவிடும்.

வேலைக்கூலி கட்டாது என்ற வாதத்துக்கு நான் அதிகம் மினக்கெடப் போவதில்லை. நாலு இடமுள்ள சார்ஜரில் 52 செல்லின் கொள்ளளவை அளக்க ஏறக்குறைய இரண்டு கிழமை ஆகும். அதில் மனிதர் கைவைக்கிற நேரம் செல்லுக்கு ஒரு சில நிமிடம். கடையைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அது பாட்டுக்கு ஓடும். கட்டாது என்று சொல்பவர் அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

திறக்கவே முடியாதபடி ஒட்டுப்பசை ஊற்றிய பெட்டிகள், செல் மாற்றியதும் பூட்டிக்கொள்கிற மின்பலகைகள், இவைதான் உண்மையான தடை. இதில் உலகம் எங்கள் கடைக்காரர் சொல்கிற திசையில் போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பற்றரி ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. மின் ஸ்கூட்டர், மின் சைக்கிள் போன்றவற்றின் பற்றரிக்கு அது இன்னும் ஒரு படி மேலே போகிறது: தொகுதிக்குள் இருக்கிற தனித்தனிச் செல்களையும் வெளியாள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். “முழுசா மாத்துறதுதான்” என்பதை அங்கே சட்டமே மறுக்கிறது. பிரசல்ஸ் ஏற்காத பொருள் நாளை எங்கே வந்து இறங்கும் என்பதை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

இதெல்லாம் இன்றைக்கு ஏன்? 2016இல் கைவிடப்பட்ட அனல்மின் நிலையத் திட்டத்தின் இடத்தில், சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த கிழமையே, புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போர் அவற்றை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுகிறது, மாலை ஆறரை முதல் பத்தரை வரை போதவில்லை. இதற்கு விடை சேமிப்பு என்று எல்லாரும் பேசுகிறார்கள். ஆகவே இந்த மாவட்டத்துக்கு இன்னும் நிறைய லித்தியம் வரப்போகிறது. ஜப்பானில், பழைய லீஃப் பற்றரிகளைச் சோதித்துத் தரம் பிரித்து அடுத்த வேலைக்கு அனுப்ப நிசானின் 4ஆர் எனேர்ஜி நிறுவனம் 2018இல் புகுஷிமாவின் நமியே நகரில் ஒரு தொழிற்சாலையே திறந்தது. நாங்கள் தொழிற்சாலை கேட்கவில்லை. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, நகரில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கரையோரம் நெடுக மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீமெந்து மேசை, சில சோதனைச் சார்ஜர், ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற ஒரு பிள்ளை. ஒரு புதிய இன்வேட்டர்ப் பற்றரியின் செலவுக்குள் இது அடங்கும்.

அரச அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பாடசாலைகளிலும் கொள்வனவுக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விலைமனுக் கோரலில் மூன்று வரி சேருங்கள்: பற்றரி திருகாணியால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு குழுவின் வோல்ற்றளவையும் பாவனையாளர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஒப்படைக்கும் நாளில் அளந்த கொள்ளளவு எழுத்தில் தரப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ கொழும்பின் அனுமதியோ தேவையில்லை.